சென்னை ஓட்டக் குழுவில் மெதுவாக ஓடுபவருக்கு இடம் உண்டா?

கேள்வி: கானாடுகாத்தான் பெண்

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் கானாடுகாத்தான், வேலை சென்னையில். ஊரில் தெருவில் இறங்கினாலே இன்னார் வீட்டுப் பெண் என்று அறிந்து நலம் விசாரிப்பவர்கள் இருக்க, சென்னையில் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இருந்த எனக்கு, அலுவலகத் தோழி ஒருவர் அழைத்துச் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்தான் அந்நகரத்தில் கிடைத்த முதல் சுற்றம். பெசன்ட் நகர் கடற்கரையில் விடியுமுன் கூடுவோம். ஓடி முடித்தபின் ஒன்றாக நின்று காப்பி குடித்துவிட்டுக் கலைவோம். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில்கூட ஓடியிராத நான் இன்று பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறேன்.

குழுவினர் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தான் தூரமான 21.1 கிலோமீட்டருக்குத் தயாராகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். ஆனால் எல்லோரிலும் நானே மெதுவாக ஓடுபவள் என்பதால், ஒருவர் எப்போதும் எனக்காகப் பின்தங்கி உடன் வருகிறார். அது நெகிழ்ச்சியாக இருக்கும் அளவுக்குச் சங்கடமாகவும் இருக்கிறது. இந்த ஆவணி முழுவதும் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். இங்கே தனியாக ஓடி வேகத்தைக் கூட்டிக்கொண்டு திரும்புவதா, இல்லை இதே வேகத்துடன் அவர்களோடு தொடர்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காரைக்குடியில் பிறந்து அடையாற்றில் வசிப்பவர்

தங்கைக்கு, உடன் ஓடுபவரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் (நீண்ட தூர ஓட்டம்) வேகத்துக்கான பயிற்சியே அன்று. முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நெடுநேரம் ஓடும்போதுதான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன; கொழுப்பை எரிபொருளாகப் பயன்படுத்தும் திறனும் வளர்கிறது. தேர்ந்த ஓட்டக்காரர்களும் வாரத்தில் ஓடும் தூரத்தின் பெரும்பகுதியை இப்படித்தான் ஓடுகிறார்கள். வேகப் பயிற்சிக்கு வேறு நாள் வைத்திருப்பார்கள். ஆகவே உங்களுடன் வருபவர் எதையும் இழப்பதில்லை. அந்தக் கடைசி இடத்தில் நானும் பல ஞாயிறுகள் ஓடியிருக்கிறேன். குழுவில் இருப்பவர்களின் ஊர், வேலை, வீட்டுக் கவலை என்று நான் அறிந்துகொண்டதெல்லாம் அங்கேதான். முன்வரிசையில் ஓடிய நாள்களில் எவரிடமும் நாலு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

மூச்சு வாங்கினால் இடையிடையே நடப்பதில் தவறே இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறையே அதுதான்: களைத்துப் போவதற்கு முன்பே, கணக்காகச் சில நிமிடம் ஓடிச் சிறிது நேரம் நடப்பது. 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்குப் பகுதிவாரியாகக் கிளைகள் இருப்பதால், உங்கள் வேகத்துக்கு ஒத்தவர்களை அங்கும் தேடலாம். ஆனால் உங்களுக்காகப் பின்தங்கி வரும் மனிதர் இருக்கும் குழுவை விட்டுவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்றவர்

அம்மா, நான் ஓடுபவன் அல்லன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவன். எங்கள் நகரத்தார் காவடியுடன் போகும் கூட்டத்தில் இளைஞரும் உண்டு, என்னைப் போல முழங்கால் வலியோடு நடப்பவரும் உண்டு. எங்கள் குழுவில், மெதுவாக நடப்பவர்கள் தங்குமிடத்திலிருந்து மற்றவர்களுக்கு முன்பே புறப்பட்டுவிடுவோம். நத்தம் பக்கம் போவதற்குள் இளைஞர்கள் எங்களை எட்டிப் பிடிப்பார்கள், சிறிது தூரம் சேர்ந்து நடப்பார்கள், பிறகு முந்திச் செல்வார்கள். அடுத்த தங்கலில் எல்லோருக்கும் ஒரே பந்தி. யாரும் யாருக்காகவும் காத்திருந்ததாக உணர்வதில்லை. நீங்களும் அரைமணி முன்னதாகத் தொடங்கலாமே? இருட்டில் தனியாக வேண்டாம். மெதுவாக ஓடும் இன்னொருவரையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: கொத்தமங்கலம் ஆசிரியை

பெரியவர் சொன்ன யோசனை மிக நன்று. சகோதரி, இந்த ஒரு மாதத்தில் வேகத்தைக் கூட்ட முயல வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பழக மாதக்கணக்காகும். உடம்பில் தெம்பு இருக்கிறதே என்று வேகத்தையும் தூரத்தையும் ஒருசேர ஏற்றுபவர்களுக்குத்தான் கெண்டைக்கால் எலும்பிலும் குதிகாலிலும் வலி வருகிறது. தூரத்தை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நம் பக்கத்துக் காற்று சென்னையைவிட உலர்ந்தது. வியர்வை விரைவில் ஆவியாகி உடல் குளிர்வதால் இங்கே ஓட்டம் சற்று எளிதாகத் தோன்றும். கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை வழியுமே தவிர எளிதில் உலராது. எனவே புரட்டாசியில் திரும்பியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் வேகம் குறைந்தால் கலங்காதீர்கள். உடல் மீண்டும் பழகிக்கொள்ளும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்புப் போட்ட நீர்மோர் போதுமானது. தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும்.

பெண் ஓடுவதை ஊரார் வேடிக்கை பார்ப்பார்களே என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கக்கூடும். ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் 1984இல்தான் வந்தது. அதுவரை பெண்ணுடல் இத்தூரத்தைத் தாங்காது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். இங்கே நாங்கள் சில பெண்கள் விடியற்காலையில் காரைக்குடியில் சேர்ந்து ஓடுகிறோம். கானாடுகாத்தானிலிருந்து வருவது தொலைவில்லை. இந்த மாதம் எங்களோடு ஓடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அண்ணன் சொன்னதைப் படித்ததும், உடன் வருபவரிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று தொலைபேசியில் பேசினேன். தாமும் அரை மாரத்தானுக்கு அந்த வேகத்தையே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பெரியவர் சொன்ன முன்கூட்டிய தொடக்கத்தைக் குழுவில் எழுதியிருக்கிறேன். என்னோடு சேர்ந்து புறப்பட இன்னும் இருவர் முன்வந்திருக்கிறார்கள். அரை மாரத்தானுக்குப் பதிவு செய்துவிடுகிறேன். ஆசிரியை அவர்களே, ஞாயிறு எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று தனிச்செய்தியில் தெரிவியுங்கள். தம்பியை வண்டியில் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன்.