ஊருக்குள் நுழைய டிக்கெட்டா? குளோவெல்லி குறித்து ஒரு வாக்குவாதம்

நாடோடி:
இங்கிலாந்தின் டெவன் பகுதியில், வடக்குக் கடலோரம் இருக்கும் குளோவெல்லிக்குப் போய்வந்தேன். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடலை நோக்கிச் சுமார் 400 அடி இறங்கும் ஒற்றைத் தெரு, கூழாங்கல் தரை, இருபுறமும் வெள்ளையடித்த வீடுகள், அடியில் 14ஆம் நூற்றாண்டின் சிறு துறைமுகம். உறுத்துவது ஒன்றுதான்: ஊருக்குள் நுழைவதற்கே கட்டணம். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம், தோட்டத்துக்குக் கொடுக்கலாம். மனிதர்கள் குழந்தை குட்டிகளோடு குடியிருக்கும் தெருவைப் பார்க்கவும் பணமா?

உப்புக்காற்று:
அந்த ஊர் 1738 முதல் ஒரே குடும்பத்தின் சொத்து, நண்பரே. வீடுகளில் இருப்பவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த டிக்கெட்டில் கார் நிறுத்துமிடம், இரண்டு சிறு அருங்காட்சியகங்கள், மேலே உள்ள தோட்டம் எல்லாம் அடக்கம். உப்புக்காற்றில் அரித்த கூரையும் பெயர்ந்த கல்லும் தாமாகவா சரியாகும்? (என் புனைபெயரை வைத்துக் கேலி செய்ய வேண்டாம்.)

நாடோடி:
ஒரே குடும்பத்தின் சொத்து என்பதுதான் என் வயிற்றெரிச்சலே! எத்தனை தலைமுறை அங்கே வாழ்ந்தாலும் வாடகைக்காரர் வாடகைக்காரர்தான். பொம்மை வீட்டில் ஆட்களைக் குடிவைத்து வேடிக்கை காட்டுவது போல இருக்கிறது.

மழைக்குருவி:
வேடிக்கை பார்க்கும் கூட்டம் டிக்கெட்டால் வந்ததில்லை. சிறுவயதில் அந்த ஊரில் வளர்ந்த சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் எழுதிய ‘வெஸ்ட்வர்ட் ஹோ!’ நாவலைப் படித்துவிட்டே ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். ஹெரிங் மீன்பிடி நொடித்த பிறகு ஊருக்குச் சோறு போட்டது அந்தக் கூட்டம்தான்.

சொந்த வீடு என்கிறீர்களே, பக்கத்துக் கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸைப் பாருங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, யாரும் வீடு வாங்கலாம். வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கி வாங்கி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாக்கனி ஆனது. 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே ஒதுக்கினார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரவு. குளோவெல்லியிலோ வாடகைக்கு எடுப்பவர் அங்கேயே வாழ்ந்தாக வேண்டும், பூட்டிவைக்க முடியாது.

நான் போனது ஒரு ஜனவரி மாலை. தெருவில் கார் போகாதல்லவா, ஒருவர் மரச் சறுக்குவண்டியில் உருளைக்கிழங்கு மூட்டையையும் நாய்த்தீவனத்தையும் கயிற்றால் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கத்தில் வண்டி ஆளை முந்தப் பார்க்க, குதிகாலை ஊன்றிப் பின்னுக்கு இழுத்தார். கல்லில் கரகரவென்று உராயும் சத்தம் கேட்டதும் ஒரு கதவு திறந்தது. அவர் மனைவியாக இருக்கலாம், விளக்கோடு வந்து நின்றார். தெரு நெடுக ஜன்னல்களில் வெளிச்சம். பொம்மை வீட்டில் யார் நாய் வளர்க்கிறார்கள்?

நாடோடி:
நன்றாக எழுதுகிறீர்கள், மழைக்குருவி. ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் காரணம் வாடகை விதி. டிக்கெட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? விதியை வைத்துக்கொள்ளட்டும், டிக்கெட் கூண்டை எடுத்துவிடட்டும்.

இத்தாலியில் சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோர ஊர்களிலும் கூட்டம் தாங்கவில்லை. 2012இல் பாறை சரிந்து மூடிய ‘காதல் பாதை’யை 2024இல் திறந்தபோது, அந்தப் பாதையில் நடக்கக் கட்டணம் வைத்தார்கள். ஊர்த்தெருவில் நடக்க யாரும் காசு கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

உப்புக்காற்று:
அங்கே ஐந்து ஊருக்கும் ரயில் போகிறது. குளோவெல்லிக்கு ரயில் ஏது? பெரும்பாலோர் காரில் வந்து மேலேயே நிறுத்துகிறார்கள். நிறுத்துமிடத்தில் வாங்கினால் என்ன, வாசலில் வாங்கினால் என்ன?

நாடோடி:
அப்படியானால் அதைக் கார் நிறுத்தும் கட்டணம் என்றே சொல்லுங்கள். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் எந்த இடத்தை அடைத்தார்?

உப்புக்காற்று:
பஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

படகோட்டி:
இரண்டு தரப்பையும் படித்தேன். கட்டணம் கொடுத்தவர்தான் அதிகத் தொல்லை என்பது என் அனுபவம், அதுவும் என்னை வைத்தே சொல்கிறேன். காசு கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் ஒரு வீட்டு ஜன்னலோரப் பூந்தொட்டியைக் கிட்டத்தில் போய்ப் படம் பிடித்தேன். கேமராவில் பூவுக்குப் பின்னால் ஒரு தாத்தா, கையில் ரொட்டித் துண்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையை இழுத்து மூடினார். காசில்லாமல் நுழைந்திருந்தால் கொஞ்சம் கூச்சமாவது இருந்திருக்கும்.

நாடோடி:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நன்றி படகோட்டி.

மழைக்குருவி:
தாத்தாவைத் தொந்தரவு செய்தது டிக்கெட் இல்லை, படகோட்டி, நீங்கள்! அடுத்தமுறை ஜனவரியில் போங்கள், கேமராவைப் பையிலேயே வையுங்கள். வழுக்காத செருப்பும் வேண்டும். ஏறும்போது முழங்கால் கெஞ்சினால், பின்பக்கப் பாதையில் லேண்ட் ரோவர் ஓடும் காலமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம், நாடோடி. சண்டையைத் தொடரலாம்.