எதிரொலி இருந்தது, ஃபிலிமில் ஒன்றுமில்லை: வெல்டிங் யூடி (மீயொலிச் சோதனை) அனுபவங்கள்

காவிரிக்கரை:
25 மி.மீ. தகட்டில் செய்த அழுத்தக் கலன், ஒற்றை வி மூட்டு, ஒரு பக்கத்துக்கு 30 டிகிரி சரிவு. எக்ஸ்ரே ஏற்கெனவே தேறியிருந்தது. வாடிக்கையாளர் கேட்டதற்காக, ஒலிக்கற்றையை 60 டிகிரி சாய்வில் அனுப்பும் ப்ரோபைத் தகட்டின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, கற்றை சென்ற பாதையில் 72 மி.மீ. தொலைவில், டிஏசி கோட்டை (தொலைவுக்கேற்ப எதிரொலியின் உயரத்தை ஒப்பிடத் திரையில் வரையும் கோடு) தாண்டி ஓர் எதிரொலி ஊசிபோல நின்றது. 70 டிகிரி ப்ரோபை வைத்ததும் அது கோட்டுக்குக் கீழே படுத்துவிட்டது. பக்கச் சுவரில் உலோகம் உருகிச் சேரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து, "எங்கே இருக்கிறது, காட்டுங்கள் சார்" என்றார். ஃபிலிமில் காட்ட எதுவும் இல்லை. கலனுக்குப் பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். தகட்டில் நான் போட்டிருந்த சாக்பீஸ் குறியை, ஒலி உள்ளே இறங்கத் தடவிய கிரீஸோடு சேர்த்து உதவியாளர் ஒருவர் பழந்துணியால் துடைத்ததுதான் இன்றும் கண்முன் நிற்கிறது.

ராணிப்பேட்டை லெவல் டூ:
ஒரே ப்ரோபில் மட்டும் தெரியும் எதிரொலியை நம்பி, தேறிய மூட்டைத் தோண்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எனக்கும் ஒரு குழாய் மூட்டில் இப்படித்தான் வந்தது. வெல்டர் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார். கிரீஸ் தொட்ட விரலால் கேப்பின் (வெல்டிங்கின் மேல்புறப் புடைப்பு) ஓரத்தை அழுத்தினேன், எதிரொலி விரலோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அது வெறும் கேப் விளிம்பு.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். கோண ப்ரோபைத் தொடுவதற்கு முன், வெல்டிங்கின் இருபுறமும் கற்றை கடந்து செல்லும் தகட்டுப் பகுதி முழுவதையும், ஒலியை நேர்கீழே அனுப்பும் நேர் ப்ரோபால் பார்த்துவிடுங்கள். தகட்டுக்குள் லேமினேஷன் (மேற்பரப்புக்கு இணையான அடுக்குப் பிளவு) இருந்தால் கற்றை அங்கேயே திரும்பிவிடும், வெல்டிங்கைச் சோதித்ததாக நீங்கள் எழுதுவது பொய்யாகிவிடும். அடுத்தது, குளிர்சாதன அறையில் வி1 பிளாக்கில் (கருவியைச் சரிபார்க்கும் உருக்குக் கட்டை) அளவைச் சரிசெய்துவிட்டு, வெயிலில் காய்ந்த தகட்டில் அப்படியே ப்ரோபை வைக்காதீர்கள். ப்ரோபின் அடியில் கற்றையைச் சாய்க்கும் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் ஆப்பு சூடேறும்போது அதில் ஒலியின் வேகம் குறைகிறது, அதனால் உருக்குக்குள் கற்றையின் கோணம் கூடுகிறது, நீங்கள் குறிக்கும் இடமும் தள்ளிப்போகிறது. இதையெல்லாம் பார்க்காமல் ஃபிலிமைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்ணூர் கடற்காற்று:
என்னை உறுத்துவது வேறு. தடித்த, வலிமை மிகுந்த உருக்கு. மூட்டு ஆறியவுடன் சோதித்தோம், திரையில் ஒன்றுமே இல்லை. ஏ514 என்ற அந்த வகை உருக்குக்கு, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏடபிள்யூஎஸ் டி1.1 விதி 48 மணி நேரம் பொறுக்கச் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரின் ஆய்வாளர் அறிக்கையில் கையெழுத்திட மறுத்துவிட்டார். எல்லோரும் அவரை மனத்துக்குள் திட்டினோம். பொறுத்திருந்து பார்த்தபோது, அதே இடத்தில் வெப்பம் பாதித்த பகுதியிலிருந்து எதிரொலி எழுந்தது. தேய்த்துவிட்டுக் காந்தத் துகள் தூவினால், வெல்டிங் தகட்டைச் சேரும் விளிம்போரமாக மெல்லிய கோடு ஒன்று ஒதுங்கி நின்றது. மூட்டில் தங்கிய ஹைட்ரஜன், ஆறிய பிறகும் விரிசலை உண்டாக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அரைஸ்கிப்:
ராணிப்பேட்டை நண்பருக்கு: முதல் பதிவில் உள்ள எண்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 டிகிரியில் 25 மி.மீ. தகட்டின் அடியைத் தொடக் கற்றைக்கு 50 மி.மீ. வேண்டும், மேலே கேப்புக்குத் திரும்ப 100 மி.மீ. வேண்டும். 72 மி.மீ. என்றால் கற்றை அடியில் பட்டு மேலேறும் வழியில் 14 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அங்கே கேப்பும் இல்லை, ரூட்டும் (வெல்டிங்கின் அடிப்பகுதி) இல்லை; விரலால் அழுத்துவதற்கு எதுவும் இல்லை. மேலேறும் 60 டிகிரிக் கற்றை, 30 டிகிரி சரிந்த பக்கச் சுவரில் நேர்செங்குத்தாக மோதும். 70 டிகிரியில் எதிரொலி படுத்துவிட்டது என்பதை நீங்கள் காவிரிக்கரை ஐயாவுக்கு எதிராகப் பேசுகிறீர்கள்; நேராக மோதும் கோணத்தில் மட்டும் நன்றாக எதிரொலிக்கும் தட்டையான குறையிடம் எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். எக்ஸ்ரே கதிரோ மேலிருந்து நேராக வருகிறது. சரிவாகக் கிடக்கும் இறுகிய பிளவு அதில் நிழல் காட்டாமல் தப்புவது தொழிலில் எல்லோரும் அறிந்தது. அழுத்தக் கலன்களுக்கான ஆஸ்மி (ASME) எட்டாம் பிரிவின் யூடி விதிப்படி, உருகிச் சேராத குறை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஏற்கத்தக்கதல்ல.

காவிரிக்கரை ஐயா, எதிர்ப்பக்கத்திலிருந்தும் அந்த இடத்தைப் பார்த்தீர்களா? அங்கிருந்து அது டிஏசி கோட்டுக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா?