பெரியம்மா அடக்கப் பூசை: பாட்டு மட்டும் 🙏

சித்தி: அண்ணா, பாட்டு முடிவாச்சா? சாமியார் லிஸ்ட் கேக்குறார்

பெரிய மாமா: குழுவுல 7 பேர். ஆண் குரல்ல பேஸ் (கீழ்க்குரல்) ஒருத்தரும் இல்ல, டெனர் (மேல்குரல்) ஒண்ணு

சின்னவள்: நன்மை (நற்கருணை) வாங்கும்போது மோட்சார்ட்டோட லத்தீன் பாட்டு ஆவே வேரும்? 46 பார் (தாள அளவு)தானே மாமா

பெரிய மாமா: சின்னது, ஆனா லேசு இல்லம்மா. பின்பாதியில பெண் குரல் முதல்ல போகும், ஆண் குரல் அதே மாதிரி பின்தொடரணும். நம்ம ஆளுங்களை வச்சா அங்கேயே விழும். கிரகோரியன்ங்கிற பழைய கோயில் மெட்டுல அதே ஆவே வேரும் இருக்கு, ஒரே குரல். அது போதும். சாமியார் நன்மை எடுக்கும்போதே தொடங்கணும், வரிசை நகர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

அத்தை: ஒரு வரி கேட்டா ஒரு பக்கம் 😄

அண்ணன்: நான் சனி ராத்திரிதான் இறங்குறேன். ஞாயிறு வைங்க

பெரிய மாமா: இது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், தவக்கால ஞாயிறுல அடக்கத் திருப்பலி (பூசை) கிடையாதுப்பா. திங்கள்னா சரி

சித்தி: திங்கள் வரைக்கும் அக்காவை வச்சிருக்கணுமா

அண்ணன்: நான் இல்லாமயா சித்தி?

தம்பி: காணிக்கைக்கு வயலின் தனியா வாசிக்கட்டுமா

பெரிய மாமா: தவக்காலத்துல வாத்தியம் பாட்டுக்குத் துணை மட்டும். பாட்டோட சேர்ந்து வாசி. அல்லேலூயாவும் இல்ல, நற்செய்திக்கு முன்னால வேற வாழ்த்தொலி. 'உன்னதங்களிலே' புகழ்ப்பாட்டு அடக்கப் பூசையில எப்பவுமே கிடையாது. பதிலுரைப் பாடல் திருப்பாடல் 23.

சின்னவள்: சரணம் யாரு? பெரியம்மாவோட மகளே பாடட்டுமா

சித்தி: கல்யாணத்துல தனிப்பாட்டுக்கு நடந்த சண்டை போதாதா

பெரிய மாமா: பெத்த பிள்ளைங்க தனியா பாட வேண்டாம், தொண்டை அடைக்கும். எல்லாப் பாட்டும் ஒரு கட்டை இறக்கியே எடுங்க. கடைசி செபம் ஆனதும் பெட்டிகிட்ட விடைப்பாட்டு, தீர்த்தம் தூபம் எல்லாம் அப்பதான். புதுப் பாட்டு வைக்காதீங்க, சனங்களுக்குத் தெரிஞ்ச மெட்டா இருக்கணும். பெட்டி கிளம்பும்போது இன் பாரடிசும்ங்கிற லத்தீன் வழியனுப்புப் பாட்டு, அதுவும் ஒரே குரல். வாசல் வரைக்கும் பத்தலைன்னா திரும்பப் பாடுங்க.

அத்தை: அவங்களுக்குப் பிடிச்ச சினிமாப் பாட்டு?

பெரிய மாமா: கோயிலுக்குள்ள வேண்டாம். வீட்டுல போடுங்க

தம்பி: கீபோர்டு யாரு?

சின்னவள்: 👀

அண்ணன்: முதல்ல நாள் சொல்லுங்க. டிக்கெட் மாத்திப் பாக்குறேன்

சித்தி: சாமியார் போன் எடுக்கலை. அண்ணா, நீங்க நேர்ல போங்க