நாலு பேராக 12 நாள் இத்தாலி: எதை முதலில் செய்வது?

வெள்ளவத்தை_வாசி கேட்டது:

வணக்கம். வரும் ஏப்ரல் பள்ளி விடுமுறையில் 12 நாள் தென் ஐரோப்பா போக எண்ணம். நானும் மனைவியும், 9 வயது மகள், 67 வயது அம்மா. அம்மா சுத்த சைவம், முழங்கால் நோவும் உண்டு. ரோம், நேபிள்ஸ், பலெர்மோ, வெனிஸ், ஏலுமென்றால் ஏதென்ஸும் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். பலெர்மோவில் மனைவியின் பெரியம்மா மகன் குடும்பம் இருக்கிறது, மூன்று நாள் தங்கள் வீட்டில் நிற்கச் சொல்கிறார்கள்.

முகவர் ஒருவர் "முதலில் டிக்கெட்டை வாங்குங்கோ, விசா பிறகு தானா வரும்" என்கிறார். சரியா? ஒரு நாளைக்கு எவ்வளவு யூரோ வைத்தால் காணும்? கொட்டிச் செலவழிக்க வழியில்லை, அதற்காக அம்மாவை பஸ் பஸ்ஸாக ஏற்றி இறக்கவும் விருப்பமில்லை.

கோப்புக்காரன்:

டிக்கெட்டை இப்போது வாங்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் நாலு டிக்கெட் காசும் போய்விடும். விண்ணப்பத்துக்குக் காட்ட வேண்டியது பயண முன்பதிவு, காசு கட்டி முடித்த டிக்கெட் அல்ல. பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண்ணுடன், விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிகிற ரிசர்வேஷனாகக் கேளுங்கள். அது சில நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் கோப்புக் கொடுக்கும் நாளை ஒட்டி எடுங்கள்.

ஏதென்ஸை இப்போதே வெட்டுங்கள். நீங்கள் கேட்கப்போவது ஷெங்கன் விசா, இத்தாலி, கிரேக்கம் உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் அது ஒன்றே. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம் போக வேண்டும். இரவுகள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. இத்தாலிக்குக் கொழும்பிலேயே தூதரகம் இருக்கிறது. ஸ்பெயின், போர்த்துகல், கிரேக்கம் மூன்றின் தூதரகங்களும் புதுடில்லியில். பதினொரு இரவும் இத்தாலி என்றால் யாரும் கேள்வி கேட்க இடமில்லை.

பயணத்துக்கு 6 மாதம் இருக்கும்போதே கோப்புக் கொடுக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவுக்கு வழமையாக 15 நாள், மேலதிக ஆவணம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். இங்கே உண்மையான நெருக்கடி கோப்புக் கொடுப்பதற்கான நேரம் கிடைப்பதுதான், ஏப்ரலுக்கு எல்லோரும் ஒரே காலத்தில் ஓடுவார்கள். நவம்பரில் நேரம் எடுத்து ஜனவரி முடியமுன் கொடுத்துவிட்டால் நிம்மதி. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 45. உங்களுக்கு 315 யூரோ, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தாலும் திரும்பாது. 12 வயதுக்குக் கீழ் என்பதால் மகளுக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள்.

கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு இத்தாலியிடம் 2000ஆம் ஆண்டு அட்டவணை ஒன்று உண்டு. 11 முதல் 20 நாள் வரை, இரண்டு பேர் அல்லது கூட என்றால், ஆளுக்கு 25.82 யூரோ, அதன்மேல் நாளொன்றுக்கு 22.21. பன்னிரண்டு நாளுக்கு ஆளுக்கு 292 யூரோ, நாலு பேருக்கும் 1,170க்குக் கிட்ட. இது அடிமட்டம். இதை மட்டும் காட்டிவிட்டு 3,000 யூரோ செலவாகும் பயணத்திட்டம் கொடுத்தால் கணக்கு உதைக்கும். கோப்புக் கொடுப்பதற்கு முதல் கிழமை யாரிடமோ வாங்கிப் போட்ட பத்து இலட்சம் பார்க்கிறவருக்கு உடனே தெரியும். ஆறு மாத ஸ்டேட்மென்டில் சம்பளம் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போவதுதான் பலம். நிலையான வைப்பு இருந்தால் வங்கிக் கடிதம், வேலைக் கடிதத்தில் லீவு திகதி, சேமலாப நிதிக் கூற்று, சொந்தத் தொழிலென்றால் வியாபாரப் பதிவுச் சான்றிதழ், காணி இருந்தால் உறுதியின் பிரதி. திரும்பி வருவீர்கள் என்பதற்கான சான்றுகள் இவைதான்.

நம்மவர் கோப்பு அதிகம் சிக்குவது பெயரில். அம்மாவுக்கு வருமானம் இல்லையென்றால் செலவை நீங்கள் பொறுப்பதாகக் கடிதம் கொடுப்பீர்கள், உறவைக் காட்ட உங்கள் பிறப்பு அத்தாட்சியை வைப்பீர்கள். அதில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, அவர் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி, ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் கணவன் பெயர் பின்னால். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடித்து, தமிழ், சிங்கள அத்தாட்சிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து ஒன்றாகத் தைத்து வையுங்கள்.

காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும். 65க்கு மேல் பிரீமியம் கூடும். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கியிருக்கிறதா என்று வாசித்துவிட்டே காசு கட்டுங்கள்.

உறவினர் வீடு: அங்கே இரவு தங்கினால் அவர் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், அடையாள அட்டை அல்லது வதிவிட அனுமதியின் பிரதி வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்து 48 மணித்தியாலத்துக்குள் அவர் பொலிஸுக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். ஹோட்டல் என்றால் அந்த வேலையை அவர்களே செய்வார்கள். நாலு பேரைத் தாங்கும் வீடு இல்லையென்றால் இரவுக்கு அறை, பகலுக்கு உறவு என்பது எல்லோருக்கும் இலேசு. ஆனால் உறவினர் இருக்கிறார்களா என்று கேட்டால் மறைக்காதீர்கள்.

தண்டவாளம்:

வெனிஸையும் வெட்டுங்கள். 12 நாளுக்கு மூன்று ஊர் போதும். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் அரை நாள் போகும், காசும் அங்கேதான் கசியும்.

ரோம் 4 இரவு, நேபிள்ஸ் 3, கப்பலில் 1, பலெர்மோ 3. நேபிள்ஸிலிருந்து பலெர்மோவுக்கு இரவுக் கப்பல் மாலையில் புறப்பட்டு விடிய இறக்கும், ஏறத்தாழ 10, 11 மணித்தியாலம். நாலு படுக்கைக் கேபின் எடுத்தால் ஒரு இரவு அறை வாடகை மிச்சம், பெட்டி தூக்குவதும் குறைவு. இஸ்தான்புல் வழியாகப் பறந்தால் ரோமில் இறங்கி, பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவின் மற்றப் பக்கத்திலுள்ள கட்டானியாவில் திரும்ப ஏறும் டிக்கெட்டும் தேடலாம். ரோமுக்குத் திரும்பும் ஒரு நாள் தப்பும்.

ஏப்ரல் நல்ல மாதம். ஓகஸ்ட் என்றால் வேண்டாம் என்றிருப்பேன், வெயிலோடு 15ஆம் திகதியை ஒட்டி பாதிக் கடை பூட்டு. ஈஸ்டர் கிழமையையும், 25 ஏப்ரல், மே 1 பொது விடுமுறைகளையும் தவிர்த்துத் திகதி போடுங்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28 என்பதால் நம் புத்தாண்டு விடுமுறைக்கு அந்தத் தலையிடி இல்லை. கடலில் குளிக்கும் சூடு ஏப்ரலில் இருக்காது, மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

ரோம் விமான நிலையத்திலிருந்து நகரின் பிரதான ரயில் நிலையமான டெர்மினிக்கு நேரடி ரயில் ஆளுக்கு 14 யூரோ, 32 நிமிடம். பெரியவர் மூவருக்கே 42 ஆகிவிடும், இறங்கிய பிறகு தங்குமிடத்துக்கு இன்னொரு வண்டி. பழைய நகர மதிலுக்குள் தங்கினால் ரோம் நகராட்சியின் வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, அது வண்டிக்கு, ஆளுக்கல்ல. கதவில் ரோமா கபிதாலே என்று எழுதியதில் மட்டும் ஏறுங்கள், ஏறமுன் கட்டணத்தைச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். தனி ஆளாகப் போகிறவருக்கு 8 யூரோ உள்ளூர் ரயில் இருக்கிறது, ஆனால் அது டெர்மினிக்குப் போகாது. ட்ரஸ்தேவெரே, ஓஸ்டியென்சே பக்கம் தங்குகிறவருக்குத்தான் சரி.

ரோம் - நேபிள்ஸ் அதிவேக ரயிலில் 1 மணி 10 நிமிடம். முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி நாளில் இரண்டு மூன்று மடங்கு. உள்ளூர் ரயிலுக்கு என்றைக்கும் ஒரே விலை, நேரம் இரண்டு மடங்குக்கு மேல். உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை மேடையிலுள்ள சிறு பெட்டியில் செருகித் திகதி அடித்துத்தான் ஏற வேண்டும். தொலைபேசியில் எடுத்ததென்றால் ஏறமுன் செக்-இன் அழுத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் தண்டம் கட்டும் வெளிநாட்டுக்காரர் எல்லாம் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

செலவு: விமானமும் விசாவும் தவிர, குசினியுள்ள சிறு வீடு, பகலில் கடைச் சாப்பாடு, இரவில் சமையல் என்றால் நாலு பேருக்கு நாளொன்றுக்கு 200 முதல் 230 யூரோ வையுங்கள். ஹோட்டலும் இரு வேளை உணவகமும் என்றால் 320க்குக் குறையாது. வீடு எடுக்கும்போது விளம்பரத்தில் சி.ஐ.என். என்ற, வாடகை வீட்டுக்கான அரச பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், 2025 முதல் கட்டாயம். உறுதிப்படுத்தலில் ஒருவர் பெயர்தான் இருக்கும், நாலு பெயரும் போட்டுக் கடிதம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், விசாவுக்கு அது வேண்டும்.

அறை வாடகைக்கு மேல் நகர வரி தனி. ரோமில் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு இரவொன்றுக்கு 4 முதல் 10 யூரோ, 10 வயதுக்குக் கீழ் இல்லை. 6 யூரோ என்று வைத்தாலும் மூன்று பெரியவருக்கு 4 இரவுக்கு 72. பல இடங்களில் காசாகவே கேட்பார்கள்.

கோப்புக்காரன்:

தண்டவாளம் சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏப்ரலில் கடல் சில நாள் ஆட்டும். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாதென்றால் நேபிள்ஸிலிருந்து பலெர்மோவுக்கு இரவு ரயில் இருக்கிறது. சிசிலிக்கு எதிர்க்கரையிலுள்ள விலா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்து, துண்டு துண்டாகக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி சிசிலிப் பக்கத்து மெஸ்ஸினாவில் இறக்கிக் கோர்ப்பார்கள். மகள் அதற்காகவே விழித்திருப்பாள். ஆனால் ரயில் படுக்கை கப்பல் கேபினைவிட ஒடுக்கம், ஏணியும் உண்டு. அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை என்று பார்த்து எடுங்கள்.

வெள்ளவத்தை_வாசி:

மிக்க நன்றி, ஏதென்ஸும் வெனிஸும் போயே போச்சு. அம்மாவின் சாப்பாடும் முழங்காலும் பற்றி யாராவது?

கத்தரிக்காய்:

விமானத்திலிருந்து தொடங்குவோம். இந்து உணவு என்று போட்டிருப்பதைத் தெரிவு செய்யாதீர்கள், அது அசைவம். ஆசிய சைவ உணவு என்பதைத் தெரிவு செய்து, குறைந்தது இரண்டு நாள் முன்னராக உறுதிப்படுத்துங்கள்.

நேபிள்ஸில் மரினாரா பிட்சா அம்மாவுக்கு முழுப் பாதுகாப்பு: தக்காளி, உள்ளி, ஓரகானோ, ஒலிவ் எண்ணெய், சீஸே இல்லை. பெயரைக் கேட்டு மீன் என்று நினைக்க வேண்டாம். சிலர் மேலே நெத்தலி மாதிரியான அஞ்சோவி போடுவதால் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். சிசிலி சைவருக்குச் சொர்க்கம். பனெல்லே என்பது கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து வெட்டிப் பொரிப்பது, பாணுக்குள் வைத்துத் தெருவில் விற்பார்கள். கபொனாத்தா கத்தரிக்காய்க் கறி, பாஸ்தா அல்லா நொர்மாவிலும் கத்தரிக்காய்தான், மேலே துருவிய உப்பு ரிக்கொட்டா சீஸ்.

பொறி இருக்கும் இடங்கள்: அரன்சீனா என்ற பொரித்த சோற்று உருண்டையில் வெண்ணெய் என்று பெயரிட்டதற்குள்ளும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். ரிசோத்தோ என்ற குழைசோறும் மரக்கறி சூப்பும் இறைச்சி அவித்த தண்ணீரில் செய்யப்பட்டிருக்கலாம். பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பை நொதியம் சேர்க்கிறார்கள், அம்மா அவ்வளவு கண்டிப்பென்றால் தூவவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு துண்டில் எழுதிக் காட்ட: சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா புரோதோ தி கார்னே. இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு இல்லாமல். கோப்பியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. அம்மாவுக்காக உட்காரத்தான் வேண்டும், அந்தக் காசைக் கணக்கில் வையுங்கள்.

முழங்காலுக்கு எதிரி கருங்கல் பதித்த தெரு. கொலொசியத்தில் லிஃப்ட் உண்டு. நேபிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள பழைய இடிபாட்டு நகரமான பொம்பேயியில் அம்ஃபிதியாத்ரோ வாசலால் நுழைந்தால் படியில்லாத பாதை போட்டிருக்கிறார்கள், வண்டித்தடம் விழுந்த கல் தெருக்களை அது பெருமளவு தவிர்க்கும். நேபிள்ஸிலிருந்து அங்கே போகும் சர்க்கும்வெசுவியானா ரயிலில் சனம் நெருக்கும், பையை முன்னால் போடுங்கள். கொலொசியம், பொம்பேயி டிக்கெட் இரண்டும் பெயர் போட்டவை, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயரை அடியுங்கள். கொலொசியத்துக்கு 30 நாள் முன்னர் விற்பனை திறக்கும், பெரியவருக்கு 18 யூரோ. இத்தாலிய அரச அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் நுழைவு இலவசம், ஆனாலும் மகள் பெயருக்கு டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், அம்மாவோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள்.

பலெர்மோவில் மொந்தே பெல்லெக்ரினோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. அந்த ஊர்த் தமிழர், சைவர் உட்பட, நேர்த்தி வைத்துப் போகிற இடம். நகரத்திலிருந்து பஸ் மலை மேல் வரை போகும், ஆனால் கோயில் வாசலுக்குப் படிக்கட்டு உண்டு. மனைவியின் அண்ணன் வீட்டாரைக் கேட்டால் எந்த நேரம் கூட்டம் குறைவு என்று சொல்வார்கள்.

தண்டவாளம்:

காசு எடுக்கும்போது ஒரு விஷயம். இயந்திரம் "ரூபாயில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா" என்று கேட்டால் யூரோ. ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் விகிதம், எப்போதும் உங்களுக்கு நட்டம். வங்கிக் கிளையின் சுவரிலுள்ள இயந்திரத்தில் எடுங்கள், சுற்றுலாத் தெருவில் தனியாக நிற்பவற்றில் கட்டணம் கூட. புறப்படமுன் அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறக்கச் சொல்லி வங்கிக்கு அறிவித்துவிடுங்கள். இரண்டு அட்டையை இரண்டு பேர் பையில் வைக்கவும்.