மேம்படுத்திய பின் காணாமல் போன வசதி: பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

அச்சகத்தார், தேக்கா:
வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் குடமுழுக்கு மலர் ஆகியவற்றை வடிவமைப்பதற்கான மென்பொருள் ஒன்றை, 2019ஆம் ஆண்டில் உள்ளூர் முகவர் ஒருவரிடம் ஒரே தடவையாகப் பணம் செலுத்தி வாங்கினேன். விருந்தினர் பட்டியலை எக்செல் கோப்பாகக் கொடுத்தால் ஒவ்வோர் அழைப்பிதழிலும் அவரவர் பெயரை அதுவே இட்டுவிடும். அந்த ஒரு வசதிக்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். சென்ற மாதம் புதிய பதிப்பு என்னைக் கேட்காமலேயே இறங்கிவிட்டது. மறுநாள் காலை அந்த வசதியின் பெயர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்க, அருகில் சிறிய பூட்டுப் படம் ஒன்று இருந்தது. அதைச் சொடுக்கினால் மாதச் சந்தா கேட்கிறது. அன்று கையில் இருந்த 350 அழைப்பிதழ்களுக்கு நானும் மனைவியும் நள்ளிரவு தாண்டியும் பெயர்களைத் தட்டச்சு செய்தோம். களைப்பில் ஒரு பாட்டியம்மாவைத் ‘திரு’ ஆக்கிவிட்டோம். பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டா? பணத்தையாவது திரும்பக் கேட்க முடியுமா?

பழைய கணினி:
வழி உண்டு, ஆனால் அவசரப்படாதீர்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது பெரும்பாலும் திறக்காது என்பதால், நடப்பு வேலைகளைப் பழைய பதிப்புக்கு ஏற்ற வடிவில் முதலில் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். பிறகு, வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் நிறுவல் கோப்பும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மீண்டும் நிறுவியதும் தானியங்கி மேம்படுத்தலை நிறுத்திவிடுங்கள். நிறுவனத்தின் சேவையகம் உரிம எண்ணை ஏற்றால்தான் இவையெல்லாம் பயன்படும். அடோபி நிறுவனம் தனது பழைய வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பான சிஎஸ்2-க்கான சேவையகத்தை நிறுத்தியபோது, அந்தச் சேவையகம் இல்லாமலேயே இயங்கும் நிறுவல் கோப்புகளை வாடிக்கையாளர்களுக்கு அளித்தது. எல்லாரும் அப்படி நடந்துகொள்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். இடைக்காலத்தில் அட்டையை மட்டும் உங்கள் மென்பொருளில் அச்சிட்டு, பெயர்களை லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுத்து மென்பொருளில், பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து இடும் அஞ்சல் இணைப்பு (mail merge) வசதியால் அதன்மேல் அச்சிடலாம், அது இலவசம்.

காணொளித் தொகுப்பாளர்:
எங்கள் துறையிலும் இது நடந்ததுதான். 2011 ஜூன் மாதம் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில், பல கேமராக் காட்சிகளை ஒருசேரத் தொகுக்கும் வசதியும் இல்லை, முந்தைய பதிப்பின் வேலைகளைத் திறக்கவும் வழியில்லை. வாடிக்கையாளர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு, 2012 ஜனவரியில் பல கேமரா வசதி திரும்பி வந்தது. ஆகவே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

பயனீட்டாளர்:
பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம், முழுக்க முழுக்கத் தொழிலுக்காக வாங்கியவரைப் பயனீட்டாளராகக் கருதுவதில்லை. அச்சகத்துக்கென்றே வாங்கியிருந்தால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வணிகங்களும் முறையிடலாம். வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒப்பினால் 30,000. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் செலவு குறைவு. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் சென்ற மாதத்திலிருந்து கணக்கிடுவீர்கள், எதிர்த்தரப்பு 2019இலிருந்து கணக்கிடும். அதைவிடப் பெரிய சிக்கல், உங்களிடம் விற்றவர் முகவர், வசதியைப் பறித்தவர் தயாரிப்பாளர். வசதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இன்னும் கடினம். என் கருத்தில், பணத்தைவிடப் பழைய பதிப்பைக் கேட்பதே மேல்.

அச்சகத்தார், தேக்கா:
அனைவருக்கும் நன்றி. 2019ஆம் ஆண்டு மின்னஞ்சலில் உரிம எண் கிடைத்துவிட்டது. நிறுவல் கோப்பின் இணைப்புதான் வேலை செய்யவில்லை. முகவரிடம் பிரதி இருக்கிறதாம், திங்கட்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.