சிஆர் கேள்விகள்: விடையை முன்கூட்டியே யோசிப்பதா, ஆப்ஷன்களைக் கழித்துக்கொண்டே போவதா?

நிலாமுற்றம்:
எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வெர்பல் (மொழித்திறன்) பகுதியில் வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் கிடையாது. பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (ஆர்சி), சிறு வாதத்தை அலசும் கிரிட்டிகல் ரீசனிங் (சிஆர்) இரண்டும்தான். அதனால் சிஆர் சரியாக வராவிட்டால் வெர்பல் மதிப்பெண்ணை ஈடுகட்டுவது கடினம். ஐந்து ஆப்ஷனில் மூன்றைத் தள்ளிவிட முடிகிறது. மிஞ்சும் இரண்டில்தான் திணறல்.

ஒரு பயிற்சி வகுப்பில், ஆப்ஷன்களைப் பார்க்கும் முன்பே விடையை யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கூடப் படிக்கும் தோழியோ அது வீண் வேலை, ஒவ்வொன்றாகக் கழித்தாலே போதும் என்கிறாள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? பேசுவதற்கு வசதியாக ஒரு கேள்வியைத் தருகிறேன்.

"ஒரு நகரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. அடுத்த ஆண்டு, தலைக்காயத்துடன் மருத்துவமனைக்கு வந்த சைக்கிள் ஓட்டிகளின் எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்தது. ஆகவே, சைக்கிள் ஓட்டுபவருக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பை ஹெல்மெட் குறைத்திருக்கிறது." எது உண்மையானால் இந்த வாதம் மிகவும் பலவீனப்படும்?

அ) அந்த ஆண்டு விற்ற ஹெல்மெட்டுகளைப் பல நிறுவனங்கள் தயாரித்தன.
ஆ) ஹெல்மெட் அணிபவர்களில் சிலர் வாரைச் சரியாக மாட்டுவதில்லை.
இ) அந்த ஆண்டு கை, கால் காயத்துடன் வந்த சைக்கிள் ஓட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை.
ஈ) சட்டம் வந்த பின் பலர் பேருந்துக்கு மாறியதால், நகரில் சைக்கிள் பயணங்கள் 40 சதவீதம் குறைந்தன.
உ) மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட் ஏற்கெனவே கட்டாயம்.

எனக்கு ஆ, ஈ இரண்டும் மிஞ்சுகின்றன. ஈ பேருந்தைப் பற்றிப் பேசுவதால் அவுட் ஆஃப் ஸ்கோப் (வாதத்தின் எல்லைக்கு வெளியே) என்று தோன்றுகிறது.

கருதுகோள்:
விடை ஈ. முன்கூட்டி யோசிப்பது ஏன் வேண்டும் என்பதற்கு இந்தக் கேள்வியே சாட்சி. ஆப்ஷன் பக்கம் போகாமல் வாதத்தின் கடைசி இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். ஆதாரம் எண்ணிக்கையைப் பற்றியது, முடிவோ வாய்ப்பைப் பற்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. பத்து விநாடி நின்று, "ஓட்டுபவர்களே குறைந்திருந்தால்?" என்று கேட்டுவிட்டால் ஈ தானாகக் கண்ணில் படும். முன்பு 100 பயணங்களுக்கு 100 காயம் என்று வைத்துக்கொண்டால், இப்போது 60 பயணங்களுக்கு 70 காயம். வாய்ப்பு குறையவே இல்லை, கூடியிருக்கிறது.

தாவலைக் கண்டுபிடிக்காமல் ஆப்ஷனுக்குள் போனால் பேருந்து என்ற சொல்தான் கண்ணில் நிற்கும். உங்களுக்கு நடப்பது அதுதான். சொல்லை வைத்து ஸ்கோப் பார்க்காதீர்கள்.

வடிகட்டி:
விடை ஈ என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கருதுகோள் சொல்லும் வழி பலரைக் குழியில் தள்ளும். இந்த வாதத்தை உடைக்க எத்தனை காரணங்கள் இருக்க முடியும்? சாலைகளைச் சீர்படுத்தியிருக்கலாம். கார்களின் வேக வரம்பைக் குறைத்திருக்கலாம். வேறு மருத்துவமனை திறந்து நோயாளிகள் அங்கே போயிருக்கலாம். கேள்வி எழுதுபவர் இவற்றில் ஒன்றைத்தான் எடுப்பார். வேக வரம்பை மனதில் வைத்துக்கொண்டு போனவர் அது கிடைக்கவில்லை என்றதும் குழம்பிப்போய் ஏறக்குறைய அதைப் போலத் தெரியும் தவறான ஆப்ஷனைப் பிடித்துக்கொள்வார். சொந்தமாக யோசித்த விடையின் மேல் நமக்குப் பிடிமானம் வந்துவிடும்.

நேரமும் இருக்கிறது. 45 நிமிடத்தில் 23 கேள்வி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை, ஆர்சி பத்திகளைப் படிப்பதும் அதற்குள்தான். நான் ஒவ்வொரு ஆப்ஷனிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: இது உண்மையானால் முடிவின் மேல் என் நம்பிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? அ, உ அப்படியே. இ ஏற்றுகிறது. ஈ இறக்குகிறது. முடிந்தது.

நிலாமுற்றம்:
இ ஏற்றுகிறதா? கை காலைப் பற்றி வாதத்தில் பேச்சே இல்லையே. ஆ ஏன் தவறு என்றும் சொல்லுங்கள். ஹெல்மெட் சரியாக மாட்டவில்லை என்றால் அது பாதுகாக்காது அல்லவா?

கருதுகோள்:
ஆ-வை முதலில் பார்ப்போம். சிலர் வாரைச் சரியாக மாட்டவில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் 30 சதவீதக் குறைவு வந்திருக்கிறது. முடிவு "ஹெல்மெட் குறைத்திருக்கிறது" என்கிறதே தவிர, எல்லோரையும் முழுதாகக் காப்பாற்றுகிறது என்று சொல்லவில்லை. நீங்கள் முடிவை உங்களை அறியாமல் பெரிதாக்கிப் படிக்கிறீர்கள். சிஆரில் முடிவின் அளவைச் சரியாகப் பிடிப்பது பாதி வேலை.

இ நல்ல ஆப்ஷன், ஆனால் எதிர்ப்பக்கம். பயணங்கள் குறைந்தோ சாலை மேம்பட்டோ தலைக்காயம் குறைந்திருந்தால், கை கால் காயமும் கூடவே குறைந்திருக்க வேண்டும். அது குறையாமல் தலைக்காயம் மட்டும் குறைந்தால் ஹெல்மெட்டின் மேல் நம்பிக்கை கூடுகிறது. ஸ்ட்ரெங்தன் (வாதத்தைப் பலப்படுத்தும்) கேள்வியாக இருந்தால் இதுதான் விடை. வீக்கன் (வாதத்தைப் பலவீனப்படுத்தும்) கேள்விகளில் இப்படி ஒரு எதிர்த்திசை ஆப்ஷனை அடிக்கடி வைப்பார்கள். கேள்வி எந்தத் திசை என்பதை நடுவில் மறந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுவிடுவோம்.

வடிகட்டிக்கு: தாவல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் "நம்பிக்கை ஏறுகிறதா" என்று எப்படிக் கேட்பீர்கள்? இ ஏற்றுகிறது என்று நீங்கள் உடனே சொல்கிறீர்கள் என்றால், வேறு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை உங்கள் மூளை ஏற்கெனவே யோசித்துவிட்டது. நீங்களும் முன்கூட்டித்தான் யோசிக்கிறீர்கள்.

வடிகட்டி:
அப்படியானால் நீங்கள் இப்போது சொல்வது வேறு. விடையை ஊகிப்பது ஒன்று, தாவலைப் பார்ப்பது இன்னொன்று. நிலாமுற்றத்தின் வகுப்பில் சொன்னது முதலாவது. அதைத்தான் எதிர்க்கிறேன். வாதத்தின் முடிவு எது, ஆதாரம் எது என்று பிரிப்பதற்கு மேல் ஒரு விநாடிகூடச் செலவிட வேண்டாம் என்பது என் கட்சி. மிச்ச வேலையை ஆப்ஷன்களே செய்ய வைக்கலாம்.

செவ்வந்தி:
சிஆர் சொல்லித்தருகிறேன், அதனால் குறுக்கே வருகிறேன். இருவரும் வீக்கன் கேள்வியை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறீர்கள். கேள்வி வகை மாறினால் இந்த விவாதமே மாறிவிடும். கேள்வி வரியை முதலில் படியுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வது அதனால்தான்.

இன்ஃபரன்ஸ் (தகவல்களிலிருந்து கட்டாயம் உண்மையாவதைக் கேட்கும்) கேள்வியில் வாதமே இருக்காது, தகவல்கள் மட்டும் இருக்கும். அங்கே தாவலைத் தேடுவதில் அர்த்தமில்லை, விடையையும் ஊகிக்க முடியாது. ஒரு உதாரணம்: "நூலக உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மாணவர்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மாதம் ஒரு முறையாவது வருகிறார்கள்." பெரும்பாலான மாணவர்கள் மாதந்தோறும் வருகிறார்கள் என்ற ஆப்ஷன் அழகாகத் தெரியும். ஆனால் 100 உறுப்பினர்களில் 60 மாணவர்கள், வருபவர்கள் 51 பேர் என்று வையுங்கள். மாணவர் அல்லாத 40 பேரும் வந்தால், மாணவர்களில் 11 பேர் வந்தாலே போதும். கட்டாயம் உண்மையாக இருப்பது, மாதந்தோறும் வரும் மாணவர் ஒருவராவது இருக்கிறார் என்பதுதான். அந்த விடை சப்பென்று இருக்கும். இன்ஃபரன்ஸில் சப்பென்று இருப்பதே பெரும்பாலும் சரி. இங்கே வடிகட்டியின் வழிதான் ஒரே வழி.

அஸம்ப்ஷன் (வாதம் சொல்லாமலே நம்பியிருப்பதைக் கேட்கும்) கேள்வியில் நேர் எதிர். தாவலைப் பார்க்காமல் போனால் ஐந்து ஆப்ஷனும் நியாயமாகவே தெரியும். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் கோட்டுக்கு முந்தைய சொல்லைப் பாருங்கள். "ஏனென்றால்" என்று இருந்தால் ஆதாரம் கேட்கிறார்கள், "ஆகவே" என்று இருந்தால் முடிவு கேட்கிறார்கள். ஒரே கோடு, இரண்டு வேறு கேள்வி.

இரவுப்பறவை:
அஸம்ப்ஷனுக்கு நெகேஷன் டெஸ்ட் இருக்கும்போது தாவலை எதற்குத் தேட வேண்டும்? ஆப்ஷனை மறுத்துப் பார், வாதம் விழுந்தால் அதுதான் விடை. அப்புறம், "எல்லா", "ஒருபோதும்", "மட்டுமே" மாதிரி சொற்கள் வரும் ஆப்ஷனை உடனே அடித்துவிடலாம். பாதி நேரம் மிச்சம்.

கருதுகோள்:
அந்த இரண்டாவது யோசனை ஆபத்து. இன்ஃபரன்ஸில் அழுத்தமான சொல்லைச் சந்தேகிப்பது சரி, ஏனென்றால் அங்கே ஆப்ஷனை நிரூபிக்க வேண்டும். வீக்கனிலும் ஸ்ட்ரெங்தனிலும் ஆப்ஷன் "உண்மையானால்" என்றுதான் கேள்வியே தொடங்குகிறது. அது எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நன்மை. ஈ-யில் 40 சதவீதம் என்பதற்குப் பதிலாகச் "சிலர் பேருந்துக்கு மாறினார்கள்" என்று மட்டும் இருந்தால் அது வாதத்தை அசைக்கவே அசைக்காது.

நெகேஷன் டெஸ்ட் நல்ல கருவி, ஆனால் சரியாக மறுக்கத் தெரிய வேண்டும். ஹெல்மெட் வாதத்துக்கே பாருங்கள். "ஹெல்மெட்டைத் தவிர வேறு எந்தக் காரணமும் துளிகூடப் பங்களிக்கவில்லை" என்று ஒரு ஆப்ஷன். இதன் மறுப்பு, வேறு காரணம் கொஞ்சமாவது பங்களித்தது என்பது. அப்படியே இருந்தாலும் ஹெல்மெட்டும் குறைத்திருக்கலாம். வாதம் விழவில்லை, ஆகவே இது தேவையான அஸம்ப்ஷன் இல்லை. "சைக்கிள் பயணங்கள் காயங்களின் அளவுக்குக் குறைந்துவிடவில்லை" என்பதை மறுத்தால் வாதம் நிற்க இடமில்லை. "எல்லாம்" என்பதன் மறுப்பு "எதுவுமில்லை" என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த டெஸ்ட் தவறான விடையைத்தான் தரும்.

செவ்வந்தி:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐந்து ஆப்ஷனையும் மறுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். கடைசி இரண்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

வடிகட்டி:
கருதுகோள் சொன்ன அழுத்தச் சொல் விஷயத்தில் முழு உடன்பாடு. சொல்லைப் பார்த்து அடிப்பது எலிமினேஷனே இல்லை. ஒரு ஆப்ஷனைத் தள்ளினால் ஏன் தள்ளினேன் என்று ஒரு வரியில் சொல்ல முடிய வேண்டும். "சம்பந்தமில்லை" என்பது காரணம் ஆகாது.

இரவுப்பறவை:
சரி, அது இருக்கட்டும். பயிற்சிக்கு, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டின் கேள்விகளைச் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வடிகட்டி:
தாராளமாக. 2024 ஆகஸ்டிலிருந்து எல்சாட்டில் லாஜிக் கேம்ஸ் (புதிர்ப் பகுதி) இல்லை, சிஆரைப் போன்ற லாஜிக்கல் ரீசனிங் இரண்டு பகுதிகள் மதிப்பெண்ணுக்கு வருகின்றன. பழைய தாள்களிலும் இந்த வகை நிறையவே உண்டு. ஜிமேட் அதிகாரபூர்வக் கேள்விகளை முடித்துவிட்டவர்களுக்கு அதைவிடத் தரமான வாதங்கள் கிடைக்காது.

கருதுகோள்:
எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஒரு வாதத்தைப் போலவே அமைந்த இன்னொரு வாதத்தைத் தேடும் பேரலல் ரீசனிங் எல்சாட்டில் வழக்கமாக வரும், அது ஜிமேட்டுக்குத் தேவையே படாது. ஜிமேட் வாதங்கள் வணிகம், திட்டம், சதவீதம் பக்கம் சாயும். வீக்கன், ஸ்ட்ரெங்தன், அஸம்ப்ஷன் மூன்றை மட்டும் எல்சாட்டிலிருந்து பொறுக்கிச் செய்வேன், அதுவும் அதிகாரபூர்வக் கேள்விகளை இரண்டாம் முறை பார்த்த பிறகு.

நிலாமுற்றம்:
தேர்வில் இரண்டு ஆப்ஷனில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய? புக்மார்க் போட்டுக் கடைசியில் திரும்பி வரலாமா?

வடிகட்டி:
வரலாம். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று விடைகள் வரை மாற்ற அனுமதி உண்டு. ஆனால் காலியாக விட்டு அடுத்த கேள்விக்குப் போக முடியாது, ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். இரண்டரை நிமிடம் தாண்டினால் போட்டு, புக்மார்க் செய்து நகருங்கள். கடைசிக் கேள்விகளைத் தொடாமல் விட்டால் மதிப்பெண் அடிவாங்கும்.

கருதுகோள்:
சிஆரில் அதற்கு எதிர்பார்த்த பலன் கிடைக்காது. திரும்பி வரும்போது வாதம் மறந்துபோயிருக்கும், மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். மூன்று மாற்றங்களையும் ஆர்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டி:
ஆர்சி பத்தி இதைவிட நீளமாயிற்றே, அது மட்டும் மறக்காதா? இதில் நான் அசையப்போவதில்லை.

நிலாமுற்றம்:
இந்த வாதத்தில் தாவலைக் கண்டுபிடித்துப் பார்க்கிறேன்: "ஒரு நாளிதழ் இணையச் சந்தாவைப் பாதி விலைக்குக் குறைத்தது. சந்தாதாரர்கள் 60 சதவீதம் கூடினார்கள். ஆகவே சந்தா வருமானம் கூடியிருக்கிறது." ஆட்கள் கூடினார்கள் என்பதிலிருந்து வருமானம் கூடியது என்று தாவுகிறார்கள். 100 பேர் முழு விலை கொடுத்த இடத்தில் 160 பேர் பாதி விலை கொடுத்தால் வரவு 80 பேருடையது மாதிரிதான். சரியா?

கருதுகோள்:
சரி. விலைக்குறைப்பு எல்லோருக்குமா, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமா என்று வாதம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். பழையவர்கள் முழு விலையே கொடுத்தால் 130 ஆகிவிடும், முடிவு நிற்கும்.

வடிகட்டி:
இனி இதற்கு நீங்களே இரண்டு ஆப்ஷன் எழுதிப் போடுங்கள், ஒன்று முடிவை ஏற்ற வேண்டும், மற்றது இறக்க வேண்டும். அடித்துப் பார்க்கிறேன்.