குளிர்காலத்தில் மணக்கும் செடிகள்: உங்கள் அனுபவம்?

வேலியோரம்:
சார்கோகோக்கா வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வெயிலே விழாத மூலையில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. வெறும் பச்சை வேலிச் செடி என்றுதான் நினைத்திருந்தேன். குப்பை கொட்டப் போன ஒரு நாள், கும்மென்று தேன் வாசனை! சுற்றிலும் மரமெல்லாம் மொட்டை. இலையைத் தூக்கிப் பார்த்தால் காம்படியில் வெள்ளை வெள்ளையாக நூல் துணுக்கு மாதிரி கேசரங்கள், இதழ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அதே குச்சியில் போன வருஷத்துக் கறுப்புப் பழங்களும். இத்தனூண்டு பூவுக்கா அவ்வளவு மணம்? பக்கத்தில் குனிந்தால் அதிகம் தெரியவில்லை, நாலடி தள்ளி வந்தால்தான் தூக்கியது.

மண்வெட்டி:
விண்டர்ஸ்வீட்டை யாரும் சொல்லவில்லையே! விதையில் முளைத்த கன்று பூக்க 10 வருஷத்துக்கு மேலும் ஆகலாம். வீட்டில் எல்லாரும் வெட்டச் சொன்னார்கள், அம்மா மட்டும் "இருந்துட்டுப் போகட்டும்பா" என்றார். பூத்த அன்று, தலைகுனிந்து தொங்கிய பூவை விரலால் நிமிர்த்தினார். வெளியே மெழுகு மாதிரி மஞ்சள், உள்ளே கருஞ்சிவப்பு. ஒரே ஒரு குச்சியைத் தண்ணீரில் வைத்தோம், கூடம் முழுக்க மணந்தது. அடுத்த குளிருக்கு முன்னால் தோட்ட வேலைக்கு வந்தவர் வேலியோடு சேர்த்து இதையும் கத்தரித்துவிட்டார். மொட்டெல்லாம் போச்சு. இன்னும் மனசு ஆறவில்லை.

பனித்துளி:
என் டாஃப்னி நன்றாக இருந்த செடி, மொட்டோடு அப்படியே காய்ந்தது. என்ன காரணமென்று இன்றுவரை புரியவில்லை. சரி, மண்வெட்டி அண்ணா, விண்டர்ஸ்வீட்டைக் கத்தரிப்பதென்றால் பூ முடிந்த கையோடு கத்தரிக்க வேண்டும், அதற்குப் பிறகு கத்தி படவே கூடாது. வெயில் படும் சுவரோரம் இருந்தால் இன்னும் நன்றாகப் பூக்கும். டாஃப்னி வாங்குபவர்கள் இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், பெயர்த்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். செடி முழுக்க விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம். பக்கத்தில் குனிந்தால் மணம் அதிகம் தெரியவில்லை என்று வேலியோரம் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உறைபனிக் காலையில் முகர்ந்தால் எப்படி மணக்கும்? குளிரில் பறக்கும் பூச்சிகளே குறைவு, அவற்றைத் தூரத்திலிருந்து இழுக்கத்தான் இந்த மணம். காற்றில்லாத இளவெயிலில் கிட்டே போய்ப் பாருங்கள்.

கிளைநுனி:
கத்தியே படக்கூடாது என்பதை எல்லாச் செடிக்கும் சொல்லிவிடாதீர்கள் பனித்துளி. என் விட்ச் ஹேசல் ஒட்டுச் செடி. பனியில் இதழ்கள் நாடா போலச் சுருண்டு, வெயில் வந்ததும் விரியும். அதற்காகவே வாங்கினேன். ஒரு வருஷம் இலையுதிர் காலத்திலேயே சின்னச் சின்ன மஞ்சள் பூ. வந்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடிச்செடி தழைத்து, மேலே ஒட்டியது பட்டுப்போயிருந்தது. ஒட்டுக்குக் கீழே முளைப்பதை விடவே விடாதீர்கள். அப்புறம், மேலாக நறுக்கினால் திரும்ப வரும், மண்ணை விலக்கி அடியோடு பிய்த்தெடுங்கள்.